எச்.பி.வி. ஊசிக்கு வீட்டில் சம்மதம் வாங்குவது: நீங்கள் என்ன சொல்லிப் பேசுகிறீர்கள்?

செவிலி_பழனிமலை | புதன், இரவு 9.40

வணக்கம். ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு அறக்கட்டளை நடத்தும் சின்ன கிளினிக்கில் பதினாறு வருஷமாக நர்ஸாக இருக்கிறேன். பிரஷர், சுகர், பிள்ளைகளுக்குச் சளி காய்ச்சல், தடுப்பூசி, இதுதான் எங்கள் அன்றாடம். இந்த வருஷம் ஒருவர் கொடுத்த நன்கொடையில் 30 பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. ஊசி, அதாவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் கிருமியைத் தடுக்கும் ஊசி, வாங்கினோம். 9 வயசிலிருந்து 14 வயசுக்குள் இருப்பவர்களுக்கு ஆறு மாச இடைவெளியில் இரண்டு டோஸ். பள்ளிக்கூடத்தில் பேசினோம், பெயர் எழுதினோம், வீட்டுக்கு நோட்டீஸ் கொடுத்தனுப்பினோம்.

இன்று முதல் நாள். ஒன்பது பேர் வந்தார்கள்.

சாயங்காலம் நான்கு வீடுகளுக்கு நடந்தே போனேன். முதல் வீட்டில் அம்மா வாசலிலேயே நிறுத்திக் கேட்டார்: "சிஸ்டர், நோட்டீசுல கர்ப்பப்பைன்னு போட்டிருக்கு. புள்ளைக்குப் பன்னெண்டு வயசு. நாளைக்குக் கல்யாணமாகி புள்ள பொறக்கலைன்னா நீங்களா வந்து பதில் சொல்லுவீங்க?" இரண்டாவது வீட்டில் அப்பத்தா: "இன்னும் வயசுக்கே வரல, அதுக்குள்ள இந்த ஊசி எதுக்கு?" மூன்றாவது வீட்டில் அப்பா வாயே திறக்கவில்லை, டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்தார். நான்காவது வீட்டில் பிள்ளையே கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "எனக்குப் போட்டுக்கணும்னுதான் இருக்கு, பாட்டி விட மாட்டேங்குது" என்றது.

போன வருஷம் எங்கள் கிளினிக்குக்கு 41 வயசு அம்மா ஒருவர் வந்தார். ஏழு மாசமாக ரத்தப்போக்கு. சொல்ல வெட்கப்பட்டு, தலைவலி மாத்திரை வாங்க வந்ததுபோல் வந்து உட்கார்ந்திருந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அதற்குள் புற்றுநோய் பரவிவிட்டது. ஆடி மாசம் இறந்துபோனார். அவருடைய மகள் இந்த 30 பேரில் ஒருத்தி. அவளும் இன்று வரவில்லை.

இன்று முழுக்க இதே நினைப்பு. உங்கள் கிளினிக்கிலோ, ஊரிலோ, பள்ளியிலோ இதை எப்படிப் பேசுகிறீர்கள்? யாரிடம் முதலில் பேசுகிறீர்கள்?


குழந்தை_மருத்துவர்_தேனி | புதன், இரவு 10.25

சிஸ்டர், ஒன்பது பேர் வந்ததே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. முதல் முகாமில் எனக்கு நாலு பேர்.

என் அனுபவத்தில் நோட்டீஸின் முதல் வரியில்தான் பாதிப் பிரச்சினை. "கர்ப்பப்பை" என்ற சொல்லைப் பார்த்ததும் தாய்மார் மனசு நேராகப் பிள்ளைப்பேற்றுக்குப் போய்விடுகிறது. நான் "புற்றுநோய் வராமல் தடுக்கும் ஊசி" என்றுதான் ஆரம்பிப்பேன். மஞ்சள் காமாலைக்கு ஹெபடைடிஸ் பி ஊசி போடுகிறோமே, அது ஈரல் புற்றுநோயையும் தடுக்கிறது. இதுவும் அந்த வகைதான் என்று சொன்னால் சட்டென்று புரிந்துகொள்கிறார்கள்.

அப்பத்தா கேட்டது உண்மையில் சரியான கேள்வி. பதில்தான் நேர்மாறு. வயசுக்கு வருவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உடலுறவு வழியாகப் பரவும் இந்தக் கிருமி உடம்புக்குள் வந்த பிறகு ஊசி அதை விரட்டாது. வருவதற்கு முன்னால் போட்டிருந்தால் உள்ளே விடாது. அதோடு இந்தச் சின்ன வயசில் எதிர்ப்புச் சக்தி அவ்வளவு நன்றாக உருவாகிறது. அதனால்தான் 14 வயசு வரைக்கும் இரண்டு டோஸ் போதும், 15 வயசு ஆகிவிட்டால் மூன்று. தட்டம்மை வந்த பிறகா தட்டம்மை ஊசி போடுகிறோம்?

பிள்ளை பிறக்காது என்ற பயத்துக்கு: ஊசிக்குள் கிருமியே கிடையாது. கிருமியின் மேலுறையைப் போலச் செய்த புரதம் மட்டும்தான் இருக்கிறது. அது பிள்ளைப்பேற்றைப் பாதிப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் 2007இல் போட ஆரம்பித்தார்கள். அன்று போட்டுக்கொண்ட பிள்ளைகள் இன்று பிள்ளை பெற்ற தாய்மார்கள்.

இன்னொன்று. "போடலாமா?" என்று கேட்காதீர்கள். "10 வயசு டி.டி. ஊசியோடு இந்த ஊசியும் இன்னிக்குப் போடுறோம்" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். நாம் தயங்கினால் அந்தத் தயக்கம் அவர்களையும் தொற்றிக்கொள்ளும்.


இரு_மகள்களின்_அப்பா | புதன், இரவு 11.10

டாக்டர் சார் மேல் மரியாதை உண்டு. ஆனால் கடைசியாகச் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. "கேட்காதீர்கள், சொல்லுங்கள்" என்ற இடத்தில்தான் எனக்குப் பயம்.

கம்மம் ஞாபகம் இருக்கிறதா? 2009இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் இந்த ஊசியை வைத்து ஒரு திட்டம் நடத்தினார்கள். கம்மத்தில் நிறையப் பேர் பழங்குடிப் பிள்ளைகள், விடுதியில் தங்கிப் படித்தவர்கள். பெற்றோர் கையெழுத்துக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஏழு பிள்ளைகள் இறந்த செய்தி வந்து 2010 ஏப்ரலில் அரசு நிறுத்தியது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு மிகக் கடுமையாக எழுதியது.

நான் ஊசிக்கு எதிரி இல்லை. எனக்கு 11 வயசிலும் 13 வயசிலும் மகள்கள். ஏழை வீட்டுப் பிள்ளை என்றால் கேட்காமலே போட்டுவிடலாம் என்று நினைத்த காலம் ஒன்று இருந்தது. அந்த ஞாபகத்தோடுதான் நான் நோட்டீஸைப் படிக்கிறேன். நீங்கள் சொன்ன மூன்றாவது வீட்டு அப்பா, டி.வி. சத்தத்தைக் கூட்டியவர், அவரும் ஏதோ கேள்விப்பட்டிருக்கலாம்.

"கர்ப்பப்பை" என்ற சொல்லை மறைப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. இன்று மறைத்தால் ராத்திரி வாட்ஸ்அப்பில் அதே சொல் வேறொரு கதையோடு வரும். அப்போது சிஸ்டரை யார் நம்புவார்கள்?


குழந்தை_மருத்துவர்_தேனி | வியாழன், காலை 6.50

நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு நேற்றிரவு வெகுநேரம் தூங்கவில்லை. கம்மம் பற்றி எழுதியது அத்தனையும் உண்மை. அந்த ஏழு இறப்புகளையும் விசாரித்த குழு, ஊசிக்குத் தொடர்பிருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றது. தண்ணீரில் மூழ்கி, பாம்பு கடித்து, பூச்சிமருந்து குடித்து, காய்ச்சலில், இப்படி. ஆனால் சம்மதம் வாங்கிய விதம் தவறு என்று அந்த விசாரணையிலேயே வந்தது. இரண்டும் சேர்ந்ததுதான் உண்மை. முதலாவதை மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ளும் பழக்கம் எங்களுக்கு, மருத்துவர்களுக்கு, உண்டு.

ஆக, "கேட்காதீர்கள்" என்று எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். தயங்காமல் பரிந்துரைக்க வேண்டும். கையெழுத்தை வீட்டுக்கு அனுப்பி, இரண்டு நாள் அவகாசம் கொடுத்து, கேள்வி கேட்க ஒரு போன் நம்பரும் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். இதைச் செய்துவிட்டு ஊசி நாளன்று பழையபடி சாதாரணமாகப் பேசலாம்.

அதே 2009இல் இந்தியாவில் வேறொரு ஆய்வும் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு நடத்தியது. இரண்டு டோஸா மூன்று டோஸா என்று ஒப்பிடுவதுதான் திட்டம். 2010இல் எல்லாம் நிறுத்தப்பட்டபோது ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரே டோஸோடு நின்றுவிட்டார்கள். அவர்களை விட்டுவிடாமல் வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். ஒரு டோஸ் போட்டவர்களிடமும், இந்தப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணமான 16, 18 வகைக் கிருமிகளின் நிலைத்த தொற்றிலிருந்து 95 சதவீதப் பாதுகாப்பு இருந்தது என்று 2021இல் வெளியிட்டார்கள். 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் 9 முதல் 20 வயது வரை ஒரு டோஸ் அட்டவணையும் போதும் என்று சொன்னதற்கு முக்கிய ஆதாரங்களில் அதுவும் ஒன்று.

சிஸ்டர், அந்த ஆய்வு நடந்த இடங்களில் ஒன்று உங்கள் ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்து அம்பிளிக்கைதான். இன்று எத்தனையோ நாடுகள் ஒரு டோஸுக்கு மாறியிருப்பதில் உங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கும் பங்கு இருக்கிறது. வீடுகளில் இதைச் சொல்லுங்கள்.


செவிலி_பழனிமலை | வியாழன், காலை 7.15

டாக்டர், அம்பிளிக்கை என்று படித்ததும் கை நடுங்கிவிட்டது. என் சித்தி மகள் அந்தப் பக்கம்தான். இத்தனை வருஷம் இங்கேயே இருந்தும் இது எனக்குத் தெரியாது.

அப்பா சார், நீங்கள் எழுதியதற்கு நன்றி. நோட்டீஸை மாற்றி எழுதப்போகிறேன். முதல் வரி புற்றுநோய் தடுப்பூசி. இரண்டாவது வரியில் எந்த இடத்துப் புற்றுநோய் என்று மறைக்காமல்.


வல்வெட்டி_ஆசிரியை | வியாழன், மதியம் 1.05

யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். இலங்கையில 2017இல இருந்து இந்த ஊசி அரசாங்கத் திட்டத்தில இருக்கு. தரம் 6 பிள்ளையளுக்கு, ஆறு மாச இடைவெளியில ரெண்டு தரம், பள்ளிக்கூடத்திலயே போடுவினம். காசு இல்லை.

எங்கட பக்கம் உங்களளவுக்கு எதிர்ப்பு வரேல்லை. அதுக்குக் காரணம் ஊசியைப் பற்றின விளக்கம் மட்டுமில்லை எண்டு நான் நினைக்கிறன். பிள்ளை வயித்தில இருக்கேக்க இருந்து வீட்டுக்கு வாற குடும்பநல உத்தியோகத்தரை அம்மாமாருக்குத் தெரியும். பேர் சொல்லித் தெரியும். அவ சொன்னா நம்புவினம். புது ஆக்கள் வாகனத்தில வந்திறங்கி ஊசி எண்டு சொன்னா ஆருக்கும் பயம் வரும்தானே.

நான் ஒரு விசயம் செய்தனான். ஊசி நாளுக்கு ரெண்டு கிழமைக்கு முதல் அம்மாமாரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டுக் கதைச்சனாங்கள். அப்ப ஒரு அம்மம்மா எழும்பி, "இதைப் போட்டா பிள்ளை தப்பான வழியில போகாதோ" எண்டு கேட்டா. எல்லாரும் குனிஞ்சுகொண்டினம். உத்தியோகத்தர் சொன்னா: "அம்மா, உங்கட பேத்தி ஒழுங்கா வளர்ந்து, ஒழுங்காக் கலியாணம் கட்டினாலும் இந்தக் கிருமி வரலாம். கட்டினவரிட்ட இருந்தும் வரும். அவளில பிழை இல்லை." அதுக்குப் பிறகு அந்த அம்மம்மாவே தன்ர பேத்தியைக் கையில பிடிச்சுக்கொண்டு வந்தவ.


மதுரை_மகள் | வியாழன், மாலை 5.30

நான் எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எங்கள் அம்மா 2019இல் இந்தப் புற்றுநோயில் போனார். 46 வயசு. வெள்ளைப்படுதல், இடுப்புவலி, எல்லாம் ஒரு வருஷத்துக்கு மேல். "பொம்பளைன்னா இதெல்லாம் இருக்கும்" என்று அவரே சொல்லிக்கொண்டார். நாங்களும் நம்பினோம். கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் போய் வந்த பஸ்ஸில், என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு, "உனக்கு வராதுல்ல?" என்று கேட்டார். அவர் கேட்டது அது ஒன்றுதான்.

செவிலி அக்கா, அந்தத் தாய் இல்லாத பிள்ளையை விட்டுவிடாதீர்கள். அந்த வீட்டில் இப்போது இந்தப் பேச்சை எடுக்கவே பயப்படுவார்கள். புற்றுநோய் என்ற சொல்லே அவர்களுக்கு அம்மாவின் சாவுதான். நோட்டீஸை அங்கே அனுப்பாதீர்கள், நேரில் போங்கள்.

டாக்டர், எனக்கு 27 வயசு. திருமணமாகிவிட்டது. நான் போட்டுக்கொள்ளலாமா?


குழந்தை_மருத்துவர்_தேனி | வியாழன், இரவு 9.15

அம்மாவை நினைத்து வருந்துகிறேன். நீங்கள் போட்டுக்கொள்ளலாம், மூன்று டோஸ். சிறுவயதில் போடுவதற்குக் கிடைக்கும் அளவு பலன் இருக்காது. ஏனென்றால் சில வகைக் கிருமி ஏற்கெனவே வந்து போயிருக்கலாம். உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள். அதைவிட முக்கியம், 30 வயதானதும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் பரிசோதனை இலவசம், சில நிமிஷ வேலை. திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் இந்தப் பரிசோதனையை வைத்து நடந்த பெரிய ஆய்வில் இந்தப் புற்றுநோயால் ஏற்படும் இறப்பு 35 சதவீதம் குறைந்தது என்று 2007இலேயே காட்டியிருக்கிறார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் பரிசோதனை தேவை. ஊசி எல்லா வகைக் கிருமியையும் தடுப்பதில்லை. இந்தப் புற்றுநோயில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்குக் காரணமான 16, 18 வகைகளைத்தான் முக்கியமாகத் தடுக்கிறது.

இந்தியாவில் 2022இல் மட்டும் இந்த நோயால் ஏறக்குறைய 80,000 பெண்கள் இறந்ததாக மதிப்பீடு. ஸ்காட்லாந்தில் 12, 13 வயசில் ஊசி போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் பதிவாகவில்லை என்று 2024இல் வெளியிட்டார்கள். நம் பிள்ளைகளுக்கும் அதே வயசு, அதே கிருமி.


எட்டாம்_வகுப்பு_டீச்சர் | வெள்ளி, மாலை 4.20

மயக்கம் பற்றி யாரும் சொல்லவில்லையே. முகாம் கெட்டுப்போவது அதனால்தான். எங்கள் பள்ளியில் வேறொரு ஊசி போட்டபோது வராந்தாவில் வரிசையாக நிற்க வைத்தார்கள். முதல் பிள்ளை மயங்கியது. பார்த்துக்கொண்டிருந்த இன்னொன்று. பத்து நிமிஷத்தில் ஆறு பேர். பெஞ்சில் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்ததும் சரியாகிவிட்டது. ஆனால் அதற்குள் யாரோ வீடியோ எடுத்து, சாயங்காலம் ஊரே பள்ளி வாசலில் நின்றது.

விசாரித்தால் ஆறு பேரும் காலையில் சாப்பிடாமல் வந்தவர்கள். பயத்தில் சாப்பிடவில்லை.

அடுத்த முறை நாங்களே ஏற்பாடு செய்தோம். இட்லி கொடுத்துவிட்டுத்தான் ஊசி. தனி அறை, ஒவ்வொருவராக, உட்கார வைத்து. கூட ஒரு தோழி வரலாம். போட்டு முடித்ததும் வேறு வாசல் வழியாக வெளியே போய் அரை மணி நேரம் பாயில் உட்கார வேண்டும். வெளியே நிற்கும் பிள்ளைக்கு உள்ளே நடப்பது தெரியக்கூடாது. ஒருவரும் மயங்கவில்லை.

"லேசா மயக்கம் வரலாம், அது பயத்தாலயும் வரும், படுத்தா சரியாயிடும்" என்று முந்தின நாளே பிள்ளைகளிடமும் வீட்டிலும் சொல்லிவிடுங்கள். முன்னாலேயே தெரிந்திருந்தால் யாரும் வீடியோ எடுக்க ஓடமாட்டார்கள்.


குழந்தை_மருத்துவர்_தேனி | வெள்ளி, இரவு 8.00

டீச்சர் சொன்னது உலகம் முழுக்க நடந்திருக்கிறது. 2014இல் கொலம்பியாவில் எல் கார்மென் தெ பொலிவார் என்ற ஊரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இப்படிப் பாதிக்கப்பட்டார்கள். ஊசியில் கோளாறு இல்லை, பயம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவியது. ஆனால் அந்த நாட்டில் ஊசி போடுவது படுத்தேவிட்டது. ஜப்பானிலும் 2013இல் பக்கவிளைவுச் செய்திகள் வந்ததும் அரசு பரிந்துரையை நிறுத்தி வைத்தது. ஊசி போட்டுக்கொள்வோர் ஏறக்குறைய 70 சதவீதம் இருந்த இடத்தில் ஒரு சதவீதத்துக்கும் கீழே போனது. மறுபடி பரிந்துரைக்க 2022 ஆகிவிட்டது. இடையில் ஊசி இல்லாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு?

அந்தப் பிள்ளைகளின் மயக்கம் நடிப்பு இல்லை. "சும்மா பண்ணுது" என்று யாரும் சொல்லக்கூடாது.


பையன்_அம்மா | சனி, காலை 10.10

பையன்களுக்கு வேண்டாமா? எனக்கு ஒரே மகன், 12 வயசு. விலையும் சொல்லுங்கள்.


குழந்தை_மருத்துவர்_தேனி | சனி, காலை 11.30

போடலாம். தொண்டை, ஆசனவாய், ஆண்குறிப் புற்றுநோய்களுக்கும் இதே கிருமி காரணமாகிறது. புனேயில் தயாராகும் செர்வாவாக் 2023இல் வந்தது, ஆண், பெண் இருவருக்கும் அனுமதி உண்டு. தனியாரில் ஒரு டோஸ் 2,000 ரூபாய் அளவில். வெளிநாட்டு ஊசி இதைவிட அதிகம். கூலி வேலைக்குப் போகும் வீட்டுக்கு இரண்டு டோஸ் என்பது பெரிய தொகை. அதனால்தான் 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் 14 வயசுப் பெண்பிள்ளைகளுக்கு இந்த ஊசிக்காக 36 கோடி ரூபாய் அறிவித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.


செவிலி_பழனிமலை | மூன்று வாரம் கழித்து, புதன், இரவு 10.05

எல்லாருக்கும் நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நோட்டீஸை மாற்றினோம். ஆனால் வேலை செய்தது நோட்டீஸ் இல்லை. யாழ்ப்பாணத்து டீச்சர் எழுதியதைப் படித்துவிட்டு, எங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரையும் கூட்டிக்கொண்டு நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்குப் போனேன். பாதிப் பிள்ளைகளின் பாட்டிமார் அங்கேதான் இருக்கிறார்கள். சோற்று நேரத்தில் புளியமரத்தடியில் உட்கார்ந்து பேசினோம். ஊசி பற்றி நான் ஆரம்பிக்கவே இல்லை. "உங்க தெருவுல இந்த நோயில போனவங்க யாரு?" என்று மட்டும் கேட்டேன். ஒருவர் பேர் சொன்னார், இன்னொருவர் பேர் சொன்னார். சொல்லச் சொல்ல ஏழு பேர் வந்தது. அப்புறம் அவர்களே கேட்டார்கள், அந்த ஊசி இதுக்கா என்று.

அம்பிளிக்கைக் கதையையும் சொன்னேன். ஒரு பாட்டி, "எங்க அக்கா பேத்திக்கு அங்கதான் போட்டாக, இப்ப அவளுக்கு ரெண்டு புள்ள" என்றார். நான் மூன்று வாரம் பேசியதைவிட அந்த ஒரு வாக்கியம் அதிகம் பேசியது.

டீச்சர் சொன்னபடி இட்லி, பாய், தனி வாசல். இரண்டு பிள்ளைகளுக்குக் கை வலி, ஒன்றுக்கு அன்றிரவு லேசான காய்ச்சல். வேறொன்றும் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்ற பிள்ளை முதல் ஆளாக வந்தது, பாட்டியோடு.

மதுரை மகளே, அந்த வீட்டுக்கு மூன்று தடவை போனேன். முதல் இரண்டு தடவையும் ஊசி பற்றிப் பேசவில்லை. மூன்றாவது தடவை அவள் அப்பாவே, "அவ அம்மா இருந்திருந்தா கூட்டிட்டு வந்திருப்பா" என்றார். இன்று அவரே சைக்கிளில் கூட்டி வந்தார். ஊசி போடும்போது அவர் உள்ளே வரவில்லை, வெளியே சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

30 பேரில் 26 பேருக்கு முதல் டோஸ் முடிந்தது. இரண்டாவதற்குத் தை மாசம் மூன்றாம் புதன் என்று அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் திரும்பியிருப்பார்கள். மீதி நாலு பேரில் ஒரு பிள்ளை ஊர் மாறிப் போய்விட்டது. இரண்டு வீட்டில் வேண்டாம் என்று முடிவாகச் சொல்லிவிட்டார்கள், வற்புறுத்தவில்லை. நாலாவது, அந்த டி.வி. வீடு. அந்த அப்பா போன வாரம் முதல்முறையாக வாயைத் திறந்து கேட்டது, "ஆந்திராவுல செத்துப்போன புள்ளைகளுக்கு என்ன ஆச்சு?"

இரு மகள்களின் அப்பா சார், நீங்கள் இங்கே எழுதியதையும் டாக்டர் எழுதிய பதிலையும் ஒரு தாளில் கையால் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டையும்தான் கொடுக்கப்போகிறேன். அவர் பிள்ளைக்கான டோஸ் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. நாளைக்குக் காலையில் அவர் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் போகவேண்டும், ஆறு மணிக்கெல்லாம் போய்விடுவாராம்.


இரு_மகள்களின்_அப்பா | புதன், இரவு 10.40

அவர் போனில் பேச விரும்பினால் என் நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன் சிஸ்டர். என் பெரியவளுக்குப் போன சனிக்கிழமை போட்டாயிற்று. சின்னவளுக்கு இந்த வாரம்.